உத்திரத்தை அறுக்காதீர்கள்

காரைக்குடிப் பக்கம் பழைய வீடு பிரிக்கும் இடங்களில் 18 அடித் தேக்கு உத்திரத்தை நடுவில் அறுத்து இரண்டாக்குவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "தூக்க ஆள் இல்லண்ணே." அறுத்த பிறகு அது உத்திரமாகாது. ஜன்னல் சட்டமாகும், கதவுப் பலகையாகும். பழைய மரத்தில் வீடு கட்டும் வேலையில் இருக்கும் எனக்கு முழு நீளத்தில் ஒரு மரம் கிடைப்பது எவ்வளவு அரிது என்று தெரியும்.

அந்த மரம் இங்கே வந்த விதத்தை நினைத்தால் ஆத்திரம் இன்னும் கூடுகிறது. பர்மாவில் நின்ற மரத்தின் அடியில் பட்டையோடு வெளிமரத்தையும் வளையமாக வெட்டிவிடுவார்கள். மரம் நின்றபடியே செத்துக் காயும். பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது, காய்ந்தது மிதக்கும் என்பதுதான் காரணம். சில ஆண்டு கழித்துச் சாய்த்து, யானையால் ஓடைக்கு இழுத்துப்போட்டு, மழை வெள்ளத்தில் விட்டு, ஐராவதியில் தெப்பமாகக் கட்டி ரங்கூனுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து கப்பல். இவ்வளவு தூரம் முழுசாக வந்த மரத்தை, வளவு எனும் உள்முற்றத்திலிருந்து தெருவுக்குக் கொண்டுவர முடியவில்லை என்று அறுப்பதா?

முதலில் எடையைக் கணக்குப் போடுங்கள். காய்ந்த தேக்கு ஒரு கன அடிக்குச் சுமார் 18 முதல் 20 கிலோ. 10 அங்குலத்துக்கு 10 அங்குலம், 18 அடி நீளம் என்றால் பன்னிரண்டரை கன அடி. ஏறத்தாழ 230 கிலோ. வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் அதே அளவில் இன்னும் கனக்கும். இந்த எண்ணைக் கேட்டதும் எட்டுப் பேரைக் கூட்டிவந்து தோளில் ஏற்றத் தோன்றும். வேண்டாம். ஒருவர் கால் இடறினால் மொத்தக் கனமும் அடுத்தவர் கழுத்தில் இறங்கும். கனம் எப்போதும் தரையில் இருக்கட்டும். ஆட்கள் அதற்கு வழி காட்டினால் போதும்.

230 கிலோ மரத்தை ஒரு முனையில் மட்டும் கிளப்பினால் நாம் ஏற்பது பாதி, 115 கிலோ. 5 அடிக் கடப்பாரையின் நுனியை மரத்துக்கு அடியில் கொடுத்து, நுனியிலிருந்து அரை அடி தள்ளி ஒரு கட்டையை அண்டக் கொடுத்து நெம்பினால், அந்த 115 கிலோவுக்கு 13 கிலோ அழுத்தம் போதும். மெலிந்த ஆள்கூடச் செய்துவிடலாம். நெம்பியவர் பிடித்துக்கொண்டிருக்க, இன்னொருவர் உடனே கட்டையைச் செருக வேண்டும். கையால் அல்ல, நீளமான குச்சியால் தள்ளி. பிறகு மறுமுனை. இப்படி மாற்றி மாற்றி, கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக்கொண்டே போனால் மரம் இடுப்பு உயரம் வரை ஏறிவிடும்.

நகர்த்துவதற்கு 2 அங்குல ஜிஐ பைப் துண்டுகள் நான்கு போதும். பைப் மரத்தின் அகலத்தைவிட இருபுறமும் அரை அடி நீண்டிருக்கட்டும். நீட்டிக்கொண்டிருக்கும் முனையை மட்டும் தொடுங்கள். விரல் மரத்துக்கு அடியில் போகவே கூடாது. பைப் ஓர் அடி நகர்ந்தால் மேலே உள்ள மரம் இரண்டடி நகரும். அதனால் பின்னால் விடுபடும் பைப்பை எடுத்து முன்னால் வைக்க ஓர் ஆள் ஓயாமல் வேண்டும். திசை திருப்ப வேண்டுமா? முன் பைப்பைச் சுத்தியலால் தட்டிக் கோணலாக்குங்கள், மரம் தானே திரும்பும்.

செட்டிநாட்டு வீடுகளில் ஒரு வசதி உண்டு. முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் பெரும்பாலும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். எவ்வளவு நீள மரமும் திரும்பாமல் தெருவுக்கு வந்துவிடும். இடைஞ்சல் நிலைப்படிகள்தான். படியின் இருபுறமும் பலகையைச் சாய்த்துப் போட்டு ஏற்றி இறக்குங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்றால் சாக்கு விரித்து, அதன்மேல் பலகை போட்டு, பிறகுதான் பைப்.

உருண்டைத் தூணை டிரெய்லரில் ஏற்றும் உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. 3 அடி உயரத் தட்டுக்கு 9 அடி நீளத்தில் இரண்டு சட்டங்களைச் சாய்த்து வையுங்கள். இரண்டு கயிறுகளின் ஒரு முனையை டிரெய்லரில் கட்டி, தூணுக்கு அடியில் விட்டு, மேலே சுற்றி, மறுமுனையை டிரெய்லரில் நிற்பவர்கள் கையில் கொடுங்கள். இழுத்தால் தூண் உருண்டு ஏறும். 240 கிலோ தூண் சாய்வினால் 80 ஆகிறது, கயிறு இரட்டிப்பதால் 40, ஆளுக்கு 20. உராய்வுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். அடி பருத்த தூணில் பருத்த முனை முந்தும். அந்தப் பக்கத்துக் கயிற்றை அவ்வப்போது நிறுத்திப் பிடிக்க வேண்டும். ஏற ஏற ஒருவர் பின்னால் ஆப்பு வைத்துக்கொண்டே வரட்டும், ஓரத்தில் நின்று. தூணுக்குக் கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை, மேஸ்திரி கோபித்துக்கொண்டாலும் சரி.

மேலிருந்து இறக்குவதற்குக் கப்பியும் வடமும் வேண்டும். வடத்தின் பிடிமுனையை நன்றாக வேர்விட்ட மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டால், ஒரே ஆள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு உத்திரத்தை இறக்கிவிடலாம். கனத்தைச் சுற்று தாங்கிக்கொள்ளும். அதற்கு அந்த வீட்டுக் கல்தூணையே பயன்படுத்தப் பார்ப்பார்கள். விடாதீர்கள். பெரும்பாலும் அந்தத் தூண் மேலே இருந்த கனத்தால் நின்றது. கூரையைப் பிரித்த பிறகு அதை நம்ப முடியாது.

எந்த வேலையிலும் குரல் கொடுப்பவர் ஒருவர்தான். "ஐலசா" சொல்வதும் அவரே, "நில்லு" சொல்வதும் அவரே. "நில்லு" மட்டும் யார் வாயிலிருந்து வந்தாலும் எல்லாரும் நிற்க வேண்டும். தொடங்குமுன் மரத்தை ஒருமுறை தடவிப் பாருங்கள். பழைய ஆணி நீட்டிக்கொண்டிருக்கும், துளைகளில் தேள் இருக்கும்.

வீடு பிரிக்கக் கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒப்பந்தம் பேசும்போதே, 12 அடிக்கு மேற்பட்ட எந்த மரத்தையும் உங்களைக் கேட்காமல் அறுக்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். ஆள் இல்லை என்று சொன்னால், நான்கு பைப், இரண்டு கடப்பாரை, ஒரு வடம் வாங்கிக் கொடுங்கள். அறுத்த மரத்தில் நீங்கள் இழக்கும் பணத்தில் அதெல்லாம் ஒரு சிறு பங்குகூட ஆகாது.