தீயை அணைத்தவர் நெஞ்சில் அணையாத தீ

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

நெருப்பை அடக்கக் கற்ற நாளில்தான் மனித நாகரிகம் தொடங்கியது என்பர். அடங்க மறுக்கும் நெருப்போடு நமக்காகப் போராடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் தீயணைப்பு வீரர்கள். அவர்கள் உடலில் படும் காயத்தை நாம் அறிவோம். உள்ளத்தில் படும் காயத்தை அறிவோமா? அது அவர்களுடைய பணித்திறனை எவ்வாறு குலைக்கிறது என்பதை, நான் கற்ற அளவில் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

நம் மண்ணில் நிகழ்ந்தவை

2004 ஜனவரி 23 அன்று திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் தீப்பற்றியது. மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரை எரிந்து 94 குழந்தைகள் உயிரிழந்தனர். நான் பிறப்பதற்கு முன் நடந்தவை இவை. ஆயினும் எங்கள் பகுதியில் கீற்றுப் பந்தலைக் கண்டால் பெரியவர்கள் இன்றும் அந்நாளைப் பற்றிப் பேசுகிறார்கள்.

2019 அக்டோபர் 25 அன்று மாலை, மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் பயன்படாத ஆழ்துளைக் கிணற்றுக்குள் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. தீயணைப்பு மற்றும் மீட்புப் பணித்துறையினரும் பேரிடர் மீட்புப் படையினரும் 80 மணி நேரத்துக்கு மேல் போராடினர். பக்கத்தில் குழி தோண்டியபோது கடினப் பாறை குறுக்கிட்டது. 29-ஆம் நாள் அதிகாலையில் உயிரற்ற உடலைத்தான் மீட்க முடிந்தது. நாடே அழுதது, பிறகு மறந்தது. அங்கே நின்றவர்களோ மறுநாள் மணி அடித்தால் மறுபடியும் வண்டியில் ஏறவேண்டியவர்கள்.

இவை நாளிதழில் வந்தவை. வராதவை எத்தனையோ! காவிரியிலும் கொள்ளிடத்திலும் மூழ்கியவரைத் தேடி எடுப்பது, நசுங்கிய வண்டிக்குள்ளிருந்து ஆளை மீட்பது என ஒவ்வொன்றும் ஒரு துளி. குடம் நிறைந்து வழிவது கடைசித் துளியால் மட்டும் அன்று.

மூளையில் நடப்பது என்ன?

ஆபத்தைக் கண்டவுடன் மூளையில் வாதுமைக்கொட்டை வடிவில் உள்ள அமிக்டலா என்னும் பகுதி எச்சரிக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. இது உயிரைக் காக்க இயற்கை தந்த ஏற்பாடு. ஆபத்து நீங்கியதும் நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் புறணி, “போதும்” என்று அதை அடக்குகிறது. ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி, நடந்ததை இடமும் காலமும் குறித்து, முடிந்துபோன நினைவாகச் சேர்த்துவைக்க உதவுகிறது.

பேரதிர்ச்சியில் இந்த ஒழுங்கு குலையக்கூடும். நிலையத்து மணி நிற்காமல் அடித்துக்கொண்டே இருப்பது போன்ற நிலை அது. நடந்தது நினைவாக மாறாமல், இப்போது நடப்பதாகவே திரும்பத் திரும்ப வரும். ஒரு வாடையோ ஓர் அழுகுரலோ போதும். கனவில் வரும், உறக்கம் கெடும், அந்த இடத்தையே மனம் தவிர்க்கும். இத்தகைய அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்க்கையைப் பாதித்தால், அதைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்கிறார்கள். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இதைத் தன் நோய்ப்பட்டியலில் சேர்த்தது.

ஆஸ்திரேலியாவில் 1983-இல் ஏற்பட்ட பெருங்காட்டுத்தீயில் பணியாற்றிய 469 தீயணைப்பு வீரர்களை மக்ஃபார்லேன் என்னும் மனநல மருத்துவர் தொடர்ந்து ஆராய்ந்தார். சிலருக்கு நோய் உடனே தோன்றாமல், மாதங்கள் கழித்தே வெளிப்பட்டது. ஆகவே, “அன்று நன்றாகத்தானே இருந்தான்?” என்று கேட்பதில் பொருளில்லை. அதே வேளையில், அதிர்ச்சி கண்ட அனைவரும் நோயாளியாவதில்லை; பெரும்பாலோர் தேறிவிடுகின்றனர் என்பதையும் சொல்லவேண்டும்.

பணி கெடுவது எப்படி?

புகை சூழ்ந்த அறையில் கதவைத் திறப்பதா வேண்டாமா என்று நொடியில் முடிவெடுக்கவேண்டும். உறக்கமில்லாத மூளைக்கு அந்த நொடி நழுவுகிறது. ஒருவர் தயங்குவார், இன்னொருவர் குற்ற உணர்வால் துணிவு மிஞ்சி, தனியாக உள்ளே பாய்வார். இரண்டும் உடன் வருபவர்களுக்கும் ஆபத்து. சிறு சொல்லுக்கும் எரிச்சல் வந்தால் குழுவின் ஒற்றுமை குலையும். உறங்குவதற்காகக் குடிக்கத் தொடங்கினால் குடும்பமும் கெடும்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர் ஒருவர் இருக்கிறார். கல்யாணப் பந்தியில் வாசல் எங்கே, மாடிப்படி எங்கே என்று பார்த்த பிறகே இலை முன் அமர்வார். “தொழில் பழக்கமா, தாத்தா?” என்று ஒருநாள் கேட்டேன். “பழக்கமாயிருந்தா வீட்டுக்கு வந்ததும் விட்டுடும், தம்பி. இது தூக்கத்துலயும் விடல” என்றார். பணியில் இருந்தவரை யாரிடமும் சொன்னதில்லையாம். “பயந்தவன்னு பேர் வாங்கிட்டா, வண்டியில எவன் என்னை நம்பிப் பக்கத்துல உட்காருவான்?” என்றார். நோயைவிட அந்தப் பெயருக்கு அஞ்சியே அவர் வாய் திறக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வகுப்பில் படித்ததை அம்மாவிடம் சொன்னபோது, “இது பயந்த கோளாறுடா, திருநீறு போட்டு மந்திரிக்கணும்” என்றார். பெயர் வேறாயினும் அம்மா கண்டது சரியே. பயம் உள்ளே தங்கிவிட்டது என்பதுதான் இரண்டுக்கும் பொருள். மந்திரிப்பவர் முன் அமர வெட்கப்படாத நாம், மருத்துவர் முன் அமர மட்டும் ஏன் வெட்கப்படவேண்டும்?

செய்யவேண்டுவன

தீயணைத்துத் திரும்பியதும் நீர்க்குழாயைக் கழுவி, உலர்த்தி, ஓட்டை உண்டா என்று பார்த்து வைப்பது முறை. குழாய்க்குக் காட்டும் இந்த அக்கறையை அதைப் பிடித்த மனிதருக்கும் காட்டவேண்டும். கோர நிகழ்ச்சிக்குப் பின் போதிய ஓய்வும், விரும்பினால் பேசுவதற்கு ஆளும் தேவை. எல்லோரையும் உட்காரவைத்து ஒரே நாளில் கட்டாயமாகப் பேசவைப்பது நோயைத் தடுப்பதில்லை என ஆய்வுகள் கூறுகின்றன. அறிகுறி நீடிப்பவருக்கு மனநலச் சிகிச்சை நல்ல பயன் தரும். அரசின் 14416 என்ற தொலைபேசி எண்ணில் எந்நேரமும் மனநல ஆலோசனை பெறலாம். மனநோயை உடல்நோய்க்கு இணையாக நடத்தவேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் கூறுகிறது.

முடிவுரை

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக, ஆண்டுதோறும் அந்நாளைத் தீத்தொண்டு நாளாகப் போற்றுகிறோம். மாண்டவருக்கு மலர் வைப்பது நம் கடமை. பிழைத்துத் திரும்பி, உறக்கமின்றிப் பணிக்குச் செல்பவரை, “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்பதும் நம் கடமையே. அவர், “எனக்கு முடியவில்லை” என்று சொன்னால் அதைக் கோழைத்தனம் என்று எண்ணாத சமுதாயத்தை, படித்தவர்களாகிய நாம் உருவாக்குவோமாக!