மாலைக்கண்ணும் முதுமைக்கண்ணும்

அந்தி மயங்கும் வேளையில் பார்வை மங்குதலை மாலைக்கண் என்றனர் நம் முன்னோர். வைட்டமின் ஏ குறைவினால் அது வரும் என்பதைப் பள்ளிச் சிறுவரும் இன்று அறிவர். அவ்வறிவே சில வேளை நம்மைத் தவறான வாயிலுக்கு அழைத்துச் செல்கிறது. வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனியில் நெடுங்காலம் கட்டிங் மேசையருகே நின்று உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவர், மாலையில் படிக்கட்டுத் தெரியவில்லை என்றார். மகன் வைட்டமின் ஏ மாத்திரை வாங்கித் தந்தார். அது கண்புரை என்பது ஓராண்டு கழிந்த பின்னரே தெரிந்தது.

குழந்தைகளுக்கு இச்சத்தை வழங்கும் அரசுத் திட்டம் 1970-இல் தொடங்கியது, அது தேவையானதே. முதியோர் நிலை வேறு. உடலிலுள்ள வைட்டமின் ஏ-யின் பெரும்பகுதி கல்லீரலில் தங்குகிறது. மேல்நிலைத் தொட்டியில் நீர் குறைந்தாலும் குழாயில் நீர் ஒரே சீராக வருவதைப் போல, கல்லீரல் இருப்பு வெகுவாகக் குறையும் வரை இரத்த அளவு இறங்குவதில்லை. மாறாக, காய்ச்சலோ புரதக் குறைவோ நேரின், இருப்பு இருக்கும்போதே இரத்த அளவு தாழும். எனவே நூறு மில்லி லிட்டருக்கு 20 மைக்ரோகிராம் என்னும் எல்லையை மட்டும் நோக்கி, ஒருவர் உண்டது போதுமா என்று தீர்ப்புக் கூறலாகாது.

வட இந்தியாவில் ஐம்பது வயது கடந்தோரை ஆய்ந்து 2008-இல் வெளியான கட்டுரை, கண்புரை உடையோரின் இரத்தத்தில் வைட்டமின் ஏ, கரோட்டின் வகைகள், வைட்டமின் சி ஆகியன குறைந்திருந்ததைக் காட்டிற்று. அவ்வாறாயின் மாத்திரை தடுக்குமன்றோ எனலாம். மதுரையை அடுத்த சிற்றூர்களில் 35 முதல் 50 வயது வரையுள்ள 798 பேரிடம் இதுவே சோதிக்கப்பட்டது. பீட்டா கரோட்டினும் சி, ஈ வைட்டமின்களும் ஐந்தாண்டு தரப்பட்டன. 2006-இல் வெளியான முடிவின்படி, வெற்று மாத்திரை உண்டோர்க்கும் இவர்க்கும் புரை வளர்ச்சியில் வேறுபாடில்லை.

மிகையும் தீங்கே. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர்க்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை தந்தபோது நுரையீரற் புற்று 18 விழுக்காடு மிகுந்ததாக 1994-இல் அறியப்பட்டது. பீடி பழகிய நம் பெரியவர்கள் இதனைக் கருத வேண்டும்.

முருங்கைக் கீரையைச் சிறிது எண்ணெயிட்டு மசித்துத் தந்தால் பல்லில்லாதவரும் உண்பர். எண்ணெயின்றேல் கரோட்டின் உடலிற் சேர்வது குறையும். பப்பாளியும் முட்டையும் எளிதிற் கிடைப்பனவே. பார்வை மங்கினால் முதலில் செல்ல வேண்டிய இடம் கண் மருத்துவமனை. அப்பெரியவருக்கு அறுவை செய்து வில்லை பொருத்தினர். இப்போது மாலையிலும் துணையின்றிப் படியிறங்குகிறார்.