கொடிக்கு அடித்த மருந்தைக் கூடையில் ஊற்றலாமா?

கொடிக்கு அடிக்கிற மருந்தைப் பற்றி சித்த வைத்தியனுக்கு என்ன பேச்சு என்று கேட்பீர்கள். விஷயம் இருக்கிறது.

எம். புதுப்பட்டியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். விரலிடுக்கெல்லாம் சிவந்து ஒரே எரிச்சல். "பாகக் கொடிக்கு அடிச்ச எத்ரல் மிச்சம் இருந்துச்சுங்கய்யா. தண்ணியில கலந்து மாங்காய முக்கி எடுத்தேன். பேத்தி லீவுக்கு வருது, சீக்கிரம் பழுக்கட்டுமேன்னு..." என்று இழுத்தார்.

எத்ரல் என்பது எத்திபான் என்ற செயற்கை வளர்ச்சி ஊக்கியின் வியாபாரப் பெயர். 1960-களில் அமெரிக்காவில் உருவானது. காய் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவைத் தானே உண்டாக்கிக் கொள்கிறது. அந்த வாயுவுக்குச் செடியை ஆட்டி வைக்கும் சக்தி உண்டு என்பதை 1901-ல் ரஷ்யாவில் நெல்யூபோவ் என்ற ஆய்வு மாணவர் கண்டு சொன்னார். விளக்கெரிக்கும் வாயுவில் கலந்திருந்த எத்திலீன்தான் அவருடைய பட்டாணி நாற்றுகளைக் கோணலாக்கியது! நம் ஊரில் வாழைத்தாருக்கு மூட்டம் போடுகிறோமே, அந்தப் புகையிலும் இதே சரக்குதான்.

வாயுவை வயலில் தெளிக்க முடியுமா? அதற்குத்தான் எத்திபான். புளிப்புக் கரைசலில் சும்மா இருக்கும். செடிக்குள் போய்ப் புளிப்பு குறைந்ததும் உடைந்து எத்திலீனை விடும். பாகல், புடலைக்கு 100 பிபிஎம் அளவில், இளங்கொடியிலேயே வாரம் ஒருமுறையாக நான்கு தடவை அடித்தால் பெண்பூ கூடும். அப்படி அளவாக அடித்த கொடியின் காயைக் கழுவிச் சமைத்துப் பேத்திக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

மாங்காயை முக்குவது வேறு கதை. அங்கே மருந்து பழத்தோலிலேயே தங்கிவிடும். பழுக்க வைக்கும் அறையில் எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் வரை விட 2016-ல் அரசு அனுமதித்தது. எத்திபான் கரைசலில் பழத்தை நனைக்க அனுமதியில்லை. கார்பைடு கல்லுக்கோ தடையே இருக்கிறது. அதில் ஆர்செனிக் கலந்திருக்கலாம்.

இன்னொன்று. பாட்டிலில் இருக்கும் கெட்டி மருந்து அமிலம். கையில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவுங்கள். கண்ணில் தெறித்தாலும் அப்படியே கழுவிவிட்டு, நேரே கண் டாக்டரிடம் ஓடுங்கள். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் எதுவும் வேண்டாம். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்! மிச்ச மருந்தை சோடா பாட்டிலில் மாற்றி வைக்காதீர்கள். பிள்ளைகள் இருக்கும் வீடு.

பெரியவரைக் கழுவ வைத்துவிட்டு, முக்கிய காயையெல்லாம் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னேன். முகம் வாடிப்போனது. "மரத்துல இன்னும் காய் கெடக்கா?" என்றேன். கிடந்தது. பேத்தி வர ஆறு நாள் இருந்தது. முற்றின காயாகப் பறித்து வைக்கோலில் மூடி வைக்கச் சொல்லி அனுப்பினேன்.