வாடையோடு வரும் விருந்தினர்

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் ஊவா மலைச்சாரலுக்குப் புதிய குடிகள் சில வந்து சேர்கின்றன. அவற்றின் வரவை எவரும் பறையறைந்து சாற்றுவதில்லை. நேற்றுவரை அமைதியாய்க் கிடந்த வேலியோரத்தில் இன்று வைகறையில் ஒரு புதுக்குரல் கேட்கும். தேயிலை மலையூடு செல்லும் பாதையில் நீண்ட வாலை மேலும் கீழும் அசைத்தவாறு ஒரு சிறுகுருவி நம் முன்னே ஓடும். வடநாட்டுக் கடுங்குளிருக்கு விலகித் தென்றிசை போந்த பறவைகள் இவை. இவற்றை அறிந்துகொள்வது எங்ஙனம், இவற்றை ஓம்புவது எங்ஙனம் என்னும் இரண்டையும் மாணவர் பொருட்டு இங்கு ஆராய்வோம்.

பறவைகள் பருவந்தோறும் நாடுவிட்டு நாடு செல்வதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். மதுரையிற் குளிரால் நடுங்கிய சத்திமுற்றப் புலவர், தெற்கே சென்று வடக்கே திரும்பும் நாரையைத் தம் மனைவிக்குத் தூதாக விடுத்தார் என்பது கற்றோர் அறிந்த செய்தி. போகும் திசையையும் மீளும் திசையையும் அறியாதவர் ஒரு பறவையைத் தூதாகக் கொள்ளார் அன்றோ? அப்புலவர் கண்ட அதே ஒழுங்கு இன்றும் நம் கண்ணெதிரே ஆண்டுதோறும் நிகழ்கின்றது.

இவ்விருந்தினருள் முதலில் அறியத்தக்கது ஆறுமணிக் குருவி. விடியலிலும் அந்தியிலும் தவறாது கூவுவதால் இப்பெயர் பெற்றது. பச்சை, நீலம், கருமை, வெண்மை, செம்மை எனப் பல நிறங்கள் ஓருடலிற் கூடியிருத்தலின் வடநாட்டார் இதனை நவரங்கம் என்பர். சிங்கள மக்கள் அவிச்சியா என்பர். இமயத்தின் அடிவாரக் காடுகளிலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்து, ஒக்ரோபர் அளவில் இலங்கையை அடைந்து, ஏப்ரில் அளவில் மீள்வது இதன் வழக்கம். அடுத்தது சாம்பல் வாலாட்டி. ஓடைக்கரைகளிலும் ஈரமான பாதைகளிலும் இதனைக் காணலாம். இதன் உறவாகிய காட்டு வாலாட்டியோ வாலை மேலும் கீழும் ஆட்டாது பக்கவாட்டில் ஆட்டும். இவ்வொரு குறிப்பே இரண்டையும் பிரித்தறியப் போதும். வேலிக் கம்பியில் தனித்திருந்து கரகரத்த குரலெழுப்பும் பழுப்புக் கீச்சான், சைபீரியா முதலிய வடவாசிய நிலங்களிலிருந்து வருவது.

இவற்றுள் நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்னும் சிறுகுருவி. காஷ்மீரப் பகுதியின் மலைக்காடுகளில் கூடு கட்டும் இவ்வினம், குளிர்காலத்தைப் பெரும்பாலும் இலங்கையின் மலைநாட்டிலும் தென்னிந்திய மலைகளிலுமே கழிக்கின்றது. காட்டோரங்கள், பூந்தோட்டங்கள், தேயிலைத் தோட்டங்கள் ஆகியன இதன் உறைவிடங்கள். அருகிவரும் இனமாக இதனை அறிஞர் கணித்துள்ளனர். குளிர்காலத்திற் புகலாக இதற்குள்ள நிலம் மிகச் சிறிது. ஆகவே நம் மலைநாட்டு மரங்களுக்கு நேரும் கேடு இப்பறவையின் இனத்துக்கே நேரும் கேடாகும்.

இனி, ஓம்பும் முறையைக் காண்போம். பறவைக்கு உணவிடுதல் நமக்குப் புதிதன்று. உண்பதற்கு முன் காகத்துக்குச் சோறு வைத்தல் நம் இல்லங்களில் நெடுங்கால வழக்கம். மேனாட்டில் இவ்வழக்கம் வேறொரு காரணத்தால் வளர்ந்தது. 1890-91 ஆம் ஆண்டுக் குளிர்காலம் இங்கிலாந்தில் மிகக் கொடியதாய் இருந்தபோது, பறவைகளுக்கு உணவுத் துண்டுகளை வெளியே இடுமாறு செய்தித்தாள்கள் மக்களை வேண்டின. அந்நாட்டில் உறைபனி நிலத்தை மூடிவிடுதலின் புழுவும் விதையும் பறவைக்கு எட்டா. ஆதலின் மனிதர் இடும் ஒரு பிடி தானியம் உயிர்ப்பிச்சையாகும்.

நம் நாட்டு நிலைமை அத்தகையதன்று. ஊவாவில் வாடைக்காலம் மழைக்காலமாகும். பண்டாரவளையிலும் வெலிமடையிலும் வைகறைக் குளிர் உடலை நடுக்கினும் மண் உறைந்து போவதில்லை. மழையால் நெகிழ்ந்த மண்ணிற் புழு பூச்சிகள் மலிகின்றன. நாம் மேலே கூறிய விருந்தினர் யாவரும் புழு பூச்சிகளையே உண்பவர். நாம் இடும் சோற்றை ஆறுமணிக் குருவி ஏறிட்டும் பாராது. தானியத்தை ஈப்பிடிப்பான் தீண்டாது. சோற்றுக்கு வருவன காகமும் மைனாவுமே. பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தான். அவன் அருளுள்ளத்தை உலகம் இன்றும் போற்றுகின்றது. எனினும் மயிலுக்குத் தோகை போர்வையாக இருத்தலை நாம் அறிவோம். இந்நாளில் அருளோடு அறிவும் கூடுதல் வேண்டும்.

அவ்வாறாயின் இவ்விருந்தினருக்கு நாம் இடத்தக்க உணவு யாது? அவற்றின் உணவை அழியாது விடுதலே நாம் இடும் உணவு. மரத்தடியில் உதிர்ந்து மட்கும் சருகினுள்ளேதான் ஆறுமணிக் குருவியின் உணவு இருக்கின்றது. அச்சருகைக் கூட்டித் தீயிடுவோமாயின் அதன் பந்தியைக் கொளுத்தியவர் ஆவோம். லயத்துக் கோடியிலுள்ள காய்கறிப் பாத்திகளில் மிகையாகத் தெளிக்கும் பூச்சிகொல்லி, பூச்சியோடு நில்லாது அதை உண்ணும் பறவையையும் சேர்கின்றது. பூச்சி தின்னும் குருவியோ கூலி கேளாது நம் பயிரைக் காப்பது. இவற்றை எண்ணின், உயிர்வேலியை வெட்டாது விடுதலும், நிழல்மரங்களைப் பேணுதலும், ஒரு மூலைச் சருகைக் கலைக்காது விடுதலுமே தக்க விருந்தோம்பல் என்பது விளங்கும்.

நம்மோடு ஆண்டு முழுதும் வாழும் பறவைகளுக்குச் சிறிது உணவிடுதல் தவறன்று. கொண்டைக்குருவிக்கும் குக்குறுவானுக்கும் கனிந்த வாழைப்பழமும் பப்பாசியும் கொய்யாவும் உவப்பானவை. புறாவுக்கும் சிட்டுக்குருவிக்கும் நெல், குரக்கன், தினை ஏற்றவை. உப்பிட்ட சோறு, பொரித்த பண்டம், பழுதான உணவு ஆகியன ஆகா. காலையில் உண்டு தீருமளவே இடுதல் வேண்டும். எஞ்சியதை அகற்றிக் கலத்தை நாள்தோறும் கழுவுதல் வேண்டும். இவ்விதி சிறிதெனத் தோன்றலாம். ஆனால் 2005 முதல் பிரித்தானியாவில் கிரீன்பின்ச் என்னும் பச்சைநிறக் குருவிகளிடையே ஒரு தொண்டைநோய் பரவி, அவை பெருந்தொகையாய் மடிந்தன. பறவைகள் திரளும் உணவுக்கலங்களும் நீர்த்தட்டுகளும் அந்நோய் தொற்றுமிடங்கள் ஆயின. தூய்மையற்ற அன்னம் அன்னமாகாது.

சோற்றினும் நீர் சிறந்தது. ஆனி முதல் ஆவணி வரை கச்சான் காற்று ஊவாவை வறட்டும் காலத்தில், ஒரு மண்சட்டியில் இருவிரல் ஆழம் நீரும் நடுவே ஒரு கல்லும் இட்டுப் பூனை ஏறாத உயரத்தில் வைத்தால் பல பறவைகள் குடித்தும் குளித்தும் மகிழும்.

மாணவர்க்கு இன்னுமொன்று கூறுவோம். ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில் நெடும்பயணத்தாற் களைத்த ஆறுமணிக் குருவி, இரவில் விளக்கொளிக்கு மயங்கி வீட்டினுள் வந்து விழுவதுண்டு. அதனைப் பிடித்து விளையாடுதலும், வாயைத் திறந்து நீர் புகட்டுதலும் கொலைக்கு ஒப்பாகும். காற்றுத்துளையிட்ட கடதாசிப் பெட்டியொன்றில் மெல்ல வைத்து, இருளும் அமைதியும் உள்ள இடத்தில் இரவு தங்கவிடுக. விடிந்தபின் பூனையும் நாயும் அணுகாத மரநிழலிற் பெட்டியைத் திறந்து விடுக. பெரும்பாலும் அதற்கு வேண்டியது அவ்வொரு இரவின் ஓய்வேயாகும்.

பார்வையிடுதலுக்குப் பொருட்செலவு வேண்டியதில்லை. பொறுமையும் ஒரு குறிப்பேடும் போதும். நாள், நேரம், இடம், எண்ணிக்கை, செயல் என ஐந்தையும் எழுதுக. பெயர் தெரியாத பறவையாயின் நிறத்தையும் வாலசைவையும் எழுதுக. தோட்டத்து முதியோர் அதனை எப்பெயரால் அழைக்கின்றனர் என்பதையும் கேட்டெழுதுக. பதுளை நகர் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலும், அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலும் உள்ளன. நமுனுகுல மலையுச்சி 2,036 மீற்றர் உயரமுடையது. பசறை, லுணுகலை, ஹாலி-எல, தெமோதரை, பண்டாரவளை ஆகிய இடங்களிலிருந்து வரும் மாணவர், வாலாட்டியைத் தத்தம் ஊரில் முதன்முதற் கண்ட நாளைக் குறித்து வைப்பாராயின், ஐந்தாறு ஆண்டுகளில் இம்மாகாணத்துக்கே பயன்படும் பதிவொன்று உருவாகும். அப்புத்தளையில் ஆதிசம் மாளிகையை அடுத்துள்ள தங்கமலைக் காப்புக்காடு வகுப்போடு சென்று காணத்தக்க இடம்.

இது படித்த பட்டணத்தார்க்கு உரிய கலை என எண்ணற்க. 1955 இல் இலங்கைப் பறவைகள் பற்றிய புகழ்பெற்ற கைந்நூலை வெளியிட்ட ஜீ. எம். ஹென்றி என்பார், 1891 இல் நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையில் ஒரு தேயிலைத் தோட்டத்திற் பிறந்தவர். தேயிலை மலையிற் பிறந்தவரின் கண்ணே நாட்டுக்கு அந்நூலைத் தந்தது.

இவ்விழாக்காலத்தில் கல்லூரி வளவைத் தூய்மை செய்ய முனையும் அன்பர்க்கும் பழைய மாணவர்க்கும் எமது வேண்டுகோள் ஒன்று. வளவின் பின்வேலியோரத்தில் பத்தடி அகலமான ஒரு நிலத்தை மட்டும் ஒக்ரோபர் முதல் ஏப்ரில் வரை கூட்டாமலும், வெட்டாமலும், தீயிடாமலும் விட்டுவைப்போம். உண்டிவில்லை அங்கே எவரும் எடுத்துச் செல்லாதிருக்க மாணவர் காவலிருப்பாராக. தோட்டங்களில் அலுவல் பார்க்கும் பழைய மாணவர் தத்தம் இல்லத்தருகிலும் அவ்வாறே செய்வாராக. காஷ்மீரத்திலிருந்தும் இமயச் சாரலிலிருந்தும் வருவோர்க்கு அப்பத்தடி நிலமே போதிய விடுதியாகும்.