"இஃப்" எங்கே, "வென்" எங்கே?

ரிங்லெட்டில் கடை நடத்துகிறவருக்குத் தமிழும் மலாயும் மட்டும் போதா. தாப்பாவிலுள்ள மொத்த வியாபாரிக்குக் கடிதம் எழுத இங்கிலீஷும் வேண்டும்.

"லோரி வந்தால் பணம் தருவேன்" என்பதைப் பாருங்கள். தமிழில் "ஆல்" வினையின் வாலில் ஒட்டும். நம் கடைக்கு வரும் தோட்டத்து இந்தோனேசியர் "கலாவ்" என்பதைத் தலைப்பில் வைக்கிறார். இங்கிலீஷ் "இஃப்" என்பதும் அவ்விதமே. இதில் அவருக்கு நம்மைவிடச் சுலபம்.

ஆனால் பேச்சில் "கலாவ்", நமது "ஆல்" இரண்டும் இரு பொருள் தரும். இங்கிலீஷில் பிரித்தாக வேண்டும். வருமோ வராதோ என்றால் "இஃப்". வருவது நிச்சயமென்றால் "வென்". கடன் சீட்டில் "வென் ஐ செல் தி டீ, ஐ வில் பே" என்று எழுதினால், விற்பது உறுதி என்று ஒப்புக்கொண்டதாகும். "இஃப்" போட்டால், விற்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் கடன் கொடுப்பவர் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பணம் போகும் இடம் இதுதான்.

"இஃப் தி லோரி வில் கம்" என்பது பிழை. "இஃப் தி லோரி கம்ஸ், ஐ வில் பே" என்க. மலாயில் வினை காலத்துக்கோ ஆளுக்கோ மாறாது. ஆகவே இந்தோனேசியர் அந்த "ஸ்" ஒலியை விட்டுவிடுவார். நாமும்தான்!

எழுதிப் பாருங்கள்: மழை விட்டால் கீரை அனுப்புவேன். பொழுது விடிந்தால் கடை திறப்பேன்.