முஸ்லிம் தாயகக் கோரிக்கையும் எல்லைக்கு அப்பால் நின்றோரும்

தாயகம் என்னும் சொல் வன்னி மண்ணிற் பிறந்த எமக்குப் புதியதன்று. அச்சொல்லின் பொருட்டு இம்மண் கொடுத்த விலையையும் நாம் அறிவோம். ஆதலின், பிரித்தானியர் ஆட்சியில் இந்திய முஸ்லிம்கள் தனித்தாயகம் வேண்டி நடாத்திய இயக்கத்தின் வரலாற்றை நாம் அயலார் கதையென ஒதுக்குதல் தகாது. ஒரு நாட்டுக்கு எல்லை வகுக்குங்கால், அதற்கு வெளியே எஞ்சும் தம்மவர் கதி யாது? உள்ளே அகப்படும் பிறர் கதி யாது? இவ்வினாக்களை முன்வைத்து அவ்வரலாற்றை ஈண்டு நோக்குவாம்.

இவ்வியக்கம் தொடக்கத்தில் நாடு கேட்டு எழுந்ததன்று. வாக்குரிமை ஆட்சி வருமாயின், தொகையிற் குறைந்தோர் என்றும் தோற்போராகவே இருப்பர் என்னும் அச்சமே அதன் வித்து. 1906 ஒக்டோபரில் ஆகாகான் தலைமையில் ஒரு தூதுக்குழு சிம்லாவில் வைஸ்ராய் மின்டோ பிரபுவைக் கண்டு தனித்தொகுதி வேண்டிற்று. அவ்வாண்டு டிசெம்பரில் டாக்காவில் முஸ்லிம் லீக் தோன்றிற்று. 1909ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தனித்தொகுதியை வழங்கியது. அன்றுமுதல் வாக்காளன் மதத்தால் எண்ணப்பட்டான். ஆயினும் ஒற்றுமைக்கு வழி அடைபட்டிலது. 1916இல் காங்கிரசும் லீக்கும் இலக்னோவில் உடன்படிக்கை செய்தன. அதற்கு முன்னின்று உழைத்தவர் முகம்மது அலி ஜின்னா.

1930இல் அலகாபாத்தில் நிகழ்ந்த லீக் மாநாட்டிலே கவிஞர் இக்பால், வடமேற்கு மாகாணங்களை ஒன்றிணைத்து ஓர் அரசாக்க வேண்டுமென்றார். 1933இல் சௌத்ரி ரகமத் அலி என்பார் பாகிஸ்தான் என்னும் பெயரை வெளியிட்டார். 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் முஸ்லிம் இடங்களுள்ளும் காற்பங்கிற்குக் குறைவாகவே லீக் வென்றது. வென்ற காங்கிரஸ் ஐக்கிய மாகாண மந்திரிசபையில் லீக்கைச் சேர்க்க இணங்கவில்லை. பழைய அச்சம் மீண்டும் தலைதூக்கியது. 1940 மார்ச்சில் லாகூர்த் தீர்மானம் நிறைவேறிற்று. பாகிஸ்தான் என்னும் சொல் அத்தீர்மானத்தில் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழராகிய நாம் ஊன்றி நோக்கவேண்டிய இடம் இனி வருகின்றது. லீக்கின் 1941ஆம் ஆண்டு மாநாடு சென்னையிலே கூடிற்று. எல்லை எங்கு வகுக்கப்படினும் தமிழ்நாடு அதனுள் அடங்காதென்பதை அனைவரும் அறிந்திருந்தனர். அறிந்திருந்தும் சென்னை மாகாணத்து முஸ்லிம்கள் 1946இல் லீக்கிற்கே வாக்களித்தனர். தம்மவர்க்கு ஒரு வலிய அரசு அமையின், அது எஞ்சியோர்க்கும் அரணாகும் என்பது அக்காலத்துச் சொல்லப்பட்ட நியாயம்.

அந்நியாயம் பொய்த்தது. அதற்குமுன் இந்தியாவைக் கண்டறியாத ராட்கிளிஃப், ஏறக்குறைய ஐந்து வாரத்தில் வகுத்த எல்லை 1947 ஓகஸ்ட் 17இல் வெளியாயிற்று. ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வீடிழந்து இருபுறமும் பெயர்ந்தனர், இலட்சக்கணக்கானோர் மாண்டனர். டிசெம்பரில் கராச்சியிற் கூடிய லீக், இந்தியாவிற்கு வேறாகவும் பாகிஸ்தானுக்கு வேறாகவும் பிரிந்தது. எஞ்சியோரின் பொறுப்பைத் திருநெல்வேலியிற் பிறந்த முகம்மது இஸ்மாயில் ஏற்றார். 1948 மார்ச்சில் சென்னையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் அவர் தலைமையில் உருவாயிற்று. பின்னர் அரசியல் நிர்ணயசபையிலே தமிழுக்காக வாதாடியவரும் அவரே. தாயகமோ தானும் ஒன்றாய் நிலைக்கவில்லை. 1971இல் மொழிப்பூசலும் ஆட்சிப் பங்கீட்டுப் பிணக்கும் முற்றி வங்காளதேசம் பிரிந்தது.

இலங்கையில் முஸ்லிம் தலைவர்கள் அன்று வேறு நெறி சென்றனர். 1945இல் அரசாங்க சபையிலே ரி. பி. ஜாயா, தம் சமூகத்துக்கென நிபந்தனை கோராது, நாட்டின் சுதந்திரத்தை ஆதரித்து நின்றார். எனினும் எல்லைக் கோட்டின் கொடுமை எம் வாசலுக்கும் வந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி முதலாய ஊர்களிலே எம்மோடு ஒரே தமிழைப் பேசி, ஒரே சந்தையில் விற்று வாங்கி வாழ்ந்தோர், கையிற் கொண்டதோடு புத்தளம் நோக்கிச் சென்றனர். அவ்வாறு வடக்கை விட்டகன்றோர் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர். சிறுபான்மையாய் நின்று நியாயம் கேட்ட எம்மிடையே, எம்மிலும் சிறியோர்க்கு நியாயம் கிடைத்திலது.

அச்சத்தால் எழுந்த கோரிக்கையை இகழ்தல் எமது நோக்கமன்று. அவ்வச்சத்தை உரிய காலத்தில் தீர்க்காமையே பிரிவினைக்கு வழிகோலிற்று. ஆயின் எந்தத் தாயகத்தையும் அளக்கும் கோல் ஒன்று உண்டு: அங்கே தொகையிற் குறைந்தவன் அச்சமின்றி உறங்குகின்றானா என்பதே அது. இக்கல்லூரியிற் கற்றோர் அக்கோலை முதலில் தம் ஊரின்மீது வைத்துப் பார்ப்பாராக.