அவளுடைய சுருதி

கேள்வி: என் 9 வயதுப் பெண் பாட்டு வகுப்பில் சேர்ந்து 3 மாதமாகிறது. மற்றச் சிறுமிகள் ஐந்தரைக் கட்டையில் பாடுகிறார்கள். இவளுக்குக் குரல் தாழ்ந்தது. கேலிக்குப் பயந்து கீச்சுக் குரலில் பாடுகிறாள். நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம், அம்மணி. ஸரளி வரிசையில் மேல் ஸட்ஜத்தை எட்டும்போது கழுத்து நரம்பு புடைத்து, மோவாய் நிமிர்ந்து, தோளிரண்டும் காதை நோக்கி ஏறுமானால், குழந்தை பாடவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளைப்போல் வேஷம் கட்டுகிறாள் என்றே கொள்ள வேண்டும். நம் சங்கீதத்தில் ஸட்ஜத்திற்கென்று விதித்த ஓரிடம் கிடையாது; பாடுகிறவருடைய சாரீரம் எங்கே சிரமமின்றி நிற்கிறதோ அதுவே ஆதார சுருதியாகும்; பெண்கள் 5 கட்டையை ஒட்டிப் பாடுவது வழக்கமேயன்றிச் சாஸ்திரமன்று. டைகர் வரதாச்சாரியாரிடம் பயின்ற பாடகர் எம். டி. ராமநாதன், மிகத் தாழ்ந்த சுருதியையும் சாவதானமான காலப்பிரமாணத்தையும் தமக்கு இயல்பானவையென்று கண்டபின், சபையின் பொருட்டு அவற்றைக் கைவிட்டவரல்லர். அதைக் குறை சொன்னவர்களும் உண்டு, கிறங்கியவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி.

வீட்டில் சுருதிப் பெட்டியை 4 கட்டையில் வைத்து, கீழ்ப் பஞ்சமமும் மேல் ஸட்ஜமும் இரண்டுமே தொண்டை இறுகாமல் வருகின்றனவா என்று பாருங்கள். மேல் ஸட்ஜம் வராவிட்டால் 3 கட்டைக்கு இறக்குங்கள்; கீழ்ப் பஞ்சமம் வராவிட்டால் அரைக் கட்டை ஏற்றுங்கள். பாடமோ சாதகமோ குறைய வேண்டியதில்லை. அவற்றில் சலுகை கேட்டு அழுதால் இரங்காதீர்கள். வகுப்பில் அவளைத் தனியே பாடவைக்கும்படி ஆசிரியையிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள்.